பத்து வெள்ளிச் சப்பாத்து

தைப்பிங் நகரில் மழையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தைப்பிங்கில் பெய்வதோ 4,000 மில்லிமீட்டரை நெருங்கும். மேற்கே கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது. கிழக்கே புக்கிட் லாரூட் மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. மலையில் மோதிய காற்று மேலெழும்பிக் குளிர்ந்து, பெரும்பாலும் மாலை நேரத்தில் மழையாகக் கொட்டிவிடும். இன்று எத்தனை மணிக்கு மழை தொடங்கும் என்று பந்தயம் கட்டும் பழக்கம்கூட ஒரு காலத்தில் அந்த ஊரில் இருந்தது.

அந்த ஊரில் படிவம் நான்கில் பயிலும் மாணவன் ஒருவன், அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் பள்ளியிலிருந்து கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தான். சாரணர் இயக்கத்தின் முகாமைப் பற்றிய கடிதம் அது. மலையடிவாரத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். இரண்டாம் நாள் காலையில் காட்டுப் பாதையில் மலையேற வேண்டும். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் ஏழாவது வரி இப்படி இருந்தது: மழைக்கு ஏற்ற உடையும் காலணியும்.

அந்த ஒரு வரிதான் வீட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. அவன் ஏற்கெனவே பேரங்காடியில் ஒரு காலணியைப் பார்த்து வைத்திருந்தான். கணுக்கால்வரை உயரம், தடித்த அடிப்பாகம், தண்ணீர் புகாது என்று அட்டையில் எழுதியிருந்தது. விலை 320 ரிங்கிட். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். “மாசக் கடைசியில் வந்து கேட்கிறாயே,” என்றதோடு நிறுத்திக்கொண்டார். வாங்கித் தர மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால், அம்மாவும் அவரும் அன்றிரவு வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தது மாணவனின் காதில் விழுந்தது.

மறுநாள் மாலை பாட்டி ஒரு நெகிழிப் பையைக் கொண்டுவந்து பேரன் முன்னால் வைத்தார். உள்ளே கருநிற ரப்பர்க் காலணி ஒரு சோடி இருந்தது. சந்தைக்கு அருகே உள்ள இரும்புச் சாமான் கடையில், மண்வெட்டிக்கும் உரமூட்டைக்கும் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அதே காலணி.

“பத்து வெள்ளிதான். போட்டுப் பாருய்யா.”

“பாட்டி, இது கித்தா வெட்டப் போகிறவர்கள் போடுவது. கூட்டாளிகள் எல்லாரும் சிரிப்பார்கள்.”

பாட்டி கோபப்படவில்லை. “ஆமா, கித்தா வெட்டுகிறவர்கள் போடும் சப்பாத்துதான். மழையிலே அவர்களைவிட அதிகமாக நடந்தவர்கள் யார்?” என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

மலேசியாவில் இந்தக் காலணிக்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. பெயரில் உள்ள செர்மானிய நிறுவனத்திற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கம்பத்து மக்கள் அணியும் விளையாட்டுக் காலணி என்ற பொருளில் யாரோ வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களும் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களும் இதை நெடுங்காலமாக அணிந்து வருகிறார்கள். காட்டு வழிகாட்டிகளாகப் பணிபுரியும் பூர்வகுடியினரின் கால்களிலும் இதைக் காணலாம். அண்மைக் காலத்தில் மலையேறுவோரும் மலையோட்டக்காரர்களும்கூட இதைத் தேடி இரும்புச் சாமான் கடைக்கு வருகிறார்கள்.

பாட்டி இளம்பெண்ணாக இருந்தபோது பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உளியும் வாளியுமாகத் தம் நிரையில் இறங்கிவிட வேண்டும். குளிர்ச்சியான அதிகாலையில்தான் மரத்தில் பால் நன்றாக இறங்கும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டின் வழியே மங்குக்கு வராமல் ஈரப்பட்டையில் பரவி வழிந்துவிடும். வெட்டி முடித்த பிறகு மழை வந்தாலும் சிக்கல்தான். மங்கில் சேர்ந்த பாலோடு மழைநீர் கலந்துவிடும். ஆகவே, மழை என்பது தோட்டத்தில் குளிர்ச்சியான செய்தி அன்று. வேலை இல்லை, அன்றைய கூலியும் இல்லை என்பதே அதன் பொருள்.

வேலைக்குச் சேர்ந்த தொடக்கத்தில் பாட்டி வெறுங்காலோடுதான் நடந்தார். அந்தத் தலைமுறையில் பலரும் அப்படித்தான். ஈர மண்ணில் நாள்தோறும் நடந்த கால்களில் விரலிடுக்குத் தோல் ஊறி, வெளுத்து, வெடித்துப் புண்ணாகும். தமிழில் அதற்குச் சேற்றுப்புண் என்று பொருத்தமான பெயர் இருக்கிறது. ஈரத்திலே ஊறிய தோலில் பூஞ்சை வளர்வதால் வரும் தொல்லை அது. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், புண் வந்த காலோடு முந்நூறு, நானூறு மரங்களைச் சுற்றி வருவது எளிதன்று.

அதைவிடக் கொடியது கொக்கிப்புழு. ஈர மண்ணில் வாழும் அதன் நுண்ணிய இளம்புழு, வெறும் பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். பின்னர் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். காரணம் தெரியாமலே ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, வேலை செய்யத் தெம்பில்லாமல் போவார். மலாயாத் தோட்டங்களில் அக்காலத்தில் இது பரவலான நோயாக இருந்தது. முறையான கழிப்பறையும் காலில் ஒரு காலணியும் இருந்தாலே இதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். பாட்டி தம் கூலியில் வாங்கிய முதல் சோடி ரப்பர்ச் சப்பாத்தைப் பல ஆண்டுகள் கழித்தும் விலை, கடை, நாள் உட்பட நினைவில் வைத்திருந்தார். அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டே அதை அவர் சொன்னபோது பேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

இருப்பினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. 320 ரிங்கிட் காலணி, பத்து ரிங்கிட் காலணியைவிடக் கட்டாயம் மேலானதாகத்தானே இருக்க வேண்டும்? கூட்டாளிகளின் சிரிப்பைவிட இந்தக் கேள்விக்குத்தான் சரியான விடை வேண்டும்.

விடை, எங்கே நடக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தண்ணீர் புகாத காலணி என்றால், அதன் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று தைக்கப்பட்டிருக்கும். குளிர்நாடுகளின் தூறலுக்கும் பனிக்கும் அது நல்லது. இலண்டனில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர்தான். நம் நாட்டுக் காட்டுப் பாதையில் மழை வந்தால் கணுக்கால்வரை ஓடை ஓடும். காலணியின் மேல்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். இறங்கிய தண்ணீரை அதே சவ்வு வெளியே விடாது. பிறகு நடப்பவர் ஒவ்வொரு காலிலும் ஒரு குவளைத் தண்ணீரைச் சுமந்துகொண்டு நடப்பார். மழைக்காட்டில் கால் நனையாமல் இருக்காது. நனைந்த பின் தண்ணீர் எவ்வளவு விரைவில் வெளியேறும், காலணி எவ்வளவு விரைவில் காயும் என்பதே பார்க்க வேண்டியவை.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. விலையுயர்ந்த காலணிகள் பலவற்றின் அடிப்பாகத்தில் பாலியுரித்தேன் என்னும் மென்மையான பொருள் இருக்கும். நடக்க அது மெத்தென்று இருக்கும். ஆனால், காற்றிலுள்ள ஈரம் அதனோடு மெல்ல வினைபுரிந்து அதைச் சிதைத்துவிடும். அலமாரியில் பத்திரமாக எடுத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும் என்று எண்ணி, சில ஆண்டுகள் அணியாமலே வைத்திருப்பார்கள். பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். மலையில் கால்வைத்த ஒரு மணி நேரத்தில் அடிப்பாகம் ரொட்டித் துண்டுபோல் பிய்ந்து வரும். வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நிறைந்த நம் நாட்டில் இது அடிக்கடி நடக்கும் விபத்து.

ரப்பர்ச் சப்பாத்தில் அந்தச் சிக்கல் இல்லை. அது முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. தையலும் இல்லை, பசையும் இல்லை. ஆகவே, தனியே பிய்ந்து வர அதில் அடிப்பாகம் என்று ஒன்று கிடையாது. அடியில் காற்பந்துக் காலணியில் இருப்பதுபோன்ற குமிழ்கள் இருக்கும். அவை சேற்றில் ஆழ ஊன்றிக்கொள்ளும். குமிழ்களுக்கு நடுவே அகன்ற இடைவெளி இருப்பதால், ஒட்டிய மண் அடுத்த சில அடிகளில் உதிர்ந்துவிடும். எடையும் குறைவு. நனைந்தாலும் ரப்பர் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துப்போவதில்லை.

குறைகளும் இல்லாமல் இல்லை. உள்ளே மெத்தை கிடையாது. கூரான கல்லை மிதித்தால் பாதத்தில் உறைக்கும். காற்றோட்டம் இல்லாததால் வியர்க்கும். மெல்லிய காலுறையோடு அணிந்தால் குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். அதனால்தான் இதை அணிந்து மலையேறுவோர் காற்பந்து விளையாடும்போது போடும் தடித்த, நீண்ட காலுறையை அணிகிறார்கள். கணுக்கால் பலமில்லாதவர்களுக்கும், முன்பு சுளுக்கு ஏற்பட்டவர்களுக்கும் உயரமான காலணிதான் ஏற்றது. வழவழப்பான தரையோடு ஒட்டு, ஈரமான நடைபாதை போன்ற இடங்களில் குமிழ்க் காலணியைவிட, தட்டையான அடிப்பாகத்தில் நெருக்கமான வெட்டுக்கோடுகள் உள்ள காலணி நல்லது. வாகனச் சக்கரத்தின் வரிகளைப் போல அந்தக் கோடுகள் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். அடிப்பாகம் தேய்ந்து மொழுமொழுவென்றாகிவிட்ட ஜப்பான் செருப்போடு மழை நாளில் கடைவீதிக்குப் போவது, மலையேறுவதைவிட ஆபத்தானது. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் பதித்த ஓடுகளில் விழுந்து கையை முறித்துக்கொண்டவர்கள் அநேகமாக எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். பாட்டி வாங்கியது அளவாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மாற்ற வேண்டும். காலணியை மாலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். பகல் முழுவதும் நடந்து நின்ற கால், காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். முகாமில் அணியப்போகும் அதே காலுறையையும் அணிந்திருக்க வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கைவிரல் அகலம் இடம் தேவை. மலையேறும்போது அது தெரியாது. இறங்கும்போதுதான் விரல்கள் முன்னால் போய் இடிக்கும். இடம் போதாவிட்டால் நகம் கறுத்துவிடும். பேரன் போட்டுப் பார்த்தான். விரல் முட்டியது. பாட்டியே மறுபடியும் கடைக்குப் போய் ஒரு அளவு பெரியதாக மாற்றிக்கொண்டு வந்தார்.

அடுத்தது உடை. முகாமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் பையில் முதலில் வைத்தது நீல நிற ஜீன்ஸ் காற்சட்டை. தடித்த துணி, கிழியாது, முள் குத்தாது என்பது அவன் கணக்கு. அம்மா அதை வெளியே எடுத்து, குளியலறை வாளியில் முக்கி, அவன் கையில் கொடுத்தார். “தூக்கு,” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. காய்ந்திருந்தபோது இருந்த எடைக்கும் நனைந்த பிறகு இருந்த எடைக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. அன்று மாலை கொடியில் போட்ட அந்தக் காற்சட்டை மறுநாள் மாலையிலும் இடுப்புப் பட்டையில் ஈரமாகவே இருந்தது.

ஜீன்ஸ் என்பது தடித்த பருத்தித் துணி. பருத்தி இழைக்குத் தண்ணீரின்மேல் ஆசை அதிகம். சாதாரணக் காற்றிலேயே அது தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காட்டு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் இழை அரை விழுக்காடுகூட இழுப்பதில்லை. வெயில் நாளில் பருத்தியே சுகம். வியர்வையை உறிஞ்சிக் குளிர்ச்சி தரும். மழையில் அதே குணம் எதிரியாகிறது. நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டி, தொடையிடுக்கிலும் அக்குளிலும் தோலை உரசிப் புண்ணாக்கும். விளையாட்டாளர்கள் அணியும் மெல்லிய பாலியெஸ்டர்ச் சட்டையைப் பிழிந்து உதறினால் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். ஆனால், முகாமில் தீ மூட்டும் இடத்தில் அதே சட்டையோடு நெருங்கி நிற்கக் கூடாது. பருத்தி எரியும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மலைக்காட்டில் நீண்ட கையும் நீண்ட காலும் உள்ள உடையே தேவை. கொசுவும் முள்ளும் அட்டையும் மழைக்குப் பின் சுறுசுறுப்பாகிவிடும். அட்டை கடிப்பதால் பெரிய தீங்கில்லை என்றாலும், காலணிக்குள் நுழைந்துவிட்டால் நடை கெட்டுவிடும். காற்சட்டையின் அடி விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது எளிய வழி. அழகாக இருக்காதுதான்.

மழையங்கியை எடுத்துக்கொள்ளலாமா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இருந்தது. மழையங்கிக்கும் ரப்பருக்கும் பழைய உறவு உண்டு. தென்னமெரிக்கப் பழங்குடியினர் பால்மரத்தின் பாலைத் துணியிலும் காலணி அச்சிலும் பூசி, ஈரம் புகாத பொருள்களை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே செய்துவந்தார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மாக்கிண்டோஷ், 1823ஆம் ஆண்டில் இரண்டு துணிகளுக்கு நடுவே கரைத்த ரப்பரைப் பூசி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆங்கிலேயர் இன்றும் மழைக்கோட்டை அவர் பெயரால் அழைப்பதுண்டு. அந்த முதல் கோட்டுகள் குளிரில் விறைத்தன, வெயிலில் பிசுபிசுத்தன. இன்றைய நெகிழி மழையங்கியில் அந்தக் குறை இல்லை. ஆனால், வெளியிலிருந்து தண்ணீரை விடாதது உள்ளிருந்து வியர்வையையும் விடாது. சுமையோடு மலையேறும் ஒருவர் நெகிழி அங்கிக்குள் அரைமணி நேரம் நடந்தால், மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் நனைந்திருப்பார். எனவே, ஏறும்போது நனைந்தாலும் பரவாயில்லை என்று லேசான சட்டையோடு நடப்பதும், நிற்கும்போதும் ஓய்வெடுக்கும்போதும் அங்கியைப் போட்டுக்கொள்வதும் பலர் பின்பற்றும் வழி. உயரம் ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். நனைந்த உடம்போடு காற்றில் அசையாமல் நின்றால் நம் நாட்டு மலையிலும் பல் கிட்டிக்கும்.

மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அப்பா நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். சட்டை தனி, காற்சட்டை தனி என இரண்டு துண்டாக உள்ள மழையுடையைத்தான் அவர் வைத்திருக்கிறார். தலைவழியே போட்டுக்கொள்ளும் போர்வை போன்ற அங்கி மலிவு. ஆனால், வேகத்தில் அது காற்றில் படபடத்து, பின்விளக்கை மறைக்கும். சில நேரம் சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். நிறத்தையும் கவனிக்க வேண்டும். கொட்டும் மழையில் கருநீல உடையில் போகிறவரைப் பின்னால் வரும் லாரி ஓட்டுநர் பார்ப்பது கடினம். மஞ்சளோ ஆரஞ்சோ, ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை ஒட்டியதோ நல்லது. மழை பிடித்த பிறகு பாலத்தின் அடியில் சாலையோரம் நிறுத்தி உடை மாற்றுவதைவிட, வானம் கறுக்கும்போதே போட்டுக்கொண்டு கிளம்புவது அப்பாவின் வழக்கம்.

பையில் கடைசியாக வைத்ததுதான் மிக முக்கியமானது. ஒரு சட்டை, ஒரு காற்சட்டை, உள்ளாடை, ஒரு சோடி காலுறை ஆகியவற்றை அம்மா நெகிழிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டினார். அதை மற்றொரு பையில் போட்டு மறுபடியும் கட்டினார். “இதைப் பகலில் எடுக்கவே கூடாது. தூங்கப் போகும்போது மட்டும்தான்.” பகல் முழுவதும் எப்படி நனைந்தாலும், இரவில் உடுத்தக் காய்ந்த உடை ஒரு தொகுதி இருந்துவிட்டால் தாங்கிக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முதல் நாள் பொறுப்பாசிரியர் மாணவர்களைக் கூட்டிப் பேசினார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆசிரியர் அன்று சிரிக்கவில்லை. காலில் கீறலோ வெட்டுக்காயமோ உள்ளவர்கள் கை தூக்குமாறு கேட்டு, ஒவ்வொருவரின் காலையும் பார்த்தார். தேங்கிய நீரிலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கக்கூடும். அதிலுள்ள கிருமி, காயத்தின் வழியே உடலில் புகுந்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் நோய் வரும். முதலில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும். முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். மெலியோய்டோசிஸ் என்னும் மற்றொரு நோயின் கிருமி இந்த வட்டாரத்து ஈர மண்ணிலேயே வாழ்கிறது. பகாங் மாநிலத்தின் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் 2010ஆம் ஆண்டு ஒருவர் மூழ்கியபோது, அவரைத் தேட நீரில் இறங்கியவர்களுள் சிலருக்கு இந்த இரு நோய்களும் தொற்றின. உயிரிழப்பும் நேர்ந்தது. பிறருக்கு உதவப் போனவர்கள் அவர்கள். ஆசிரியர் அதைச் சொல்லி முடித்தபோது மண்டபத்தில் சத்தமே இல்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பகுதியில் வெள்ளம் வந்ததைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு மாணவியின் உறவினர்கள் அங்கே இருந்தார்கள். வெள்ளத்தில் இறங்க நேர்ந்தால் முழங்கால்வரை உயரமான ரப்பர் பூட்சைப் போட்டுக்கொள்வதா என்று அவள் கேட்டாள். நீர் மட்டம் பூட்சின் வாய்க்கு மேலே வந்துவிட்டால் அது வாளியைப்போல் நிரம்பிக் காலைத் தூக்க விடாது என்றார் ஆசிரியர். வீட்டுக்குள் சேற்றைக் கழுவும் வேலைக்குத்தான் பூட்ஸ் ஏற்றது. செருப்பும் உதவாது, நீரோட்டம் கழற்றிக்கொண்டு போய்விடும். தவிர்க்க முடியாமல் இறங்கினால், விரலையும் குதிகாலையும் மூடி, காலைக் கவ்விப் பிடிக்கும் தாழ்ந்த காலணி நல்லது. வடிகால் எங்கே திறந்திருக்கிறது என்பதோ, கண்ணாடித் துண்டு எங்கே கிடக்கிறது என்பதோ கலங்கிய நீருக்கு மேலிருந்து தெரியாது.

“ஐயா, ரப்பர்க் காலணி போட்டிருந்தால் மின்னல் தாக்காதுதானே?” என்றான் ஒருவன். பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். முகிலிலிருந்து பல நூறு மீட்டர் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு ஓர் அங்குல ரப்பர் தடையே இல்லை. இடி கேட்டால் திறந்தவெளியையும் தனி மரத்தையும் விட்டு விலகிக் கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். காலில் என்ன இருக்கிறது என்பது அங்கே பொருட்டன்று.

முகாமின் முதல் நாள் மழை இல்லை. எதிர்பார்த்தது போலவே ரப்பர்ச் சப்பாத்தைப் பார்த்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். “தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறாயா?” என்று ஒருவன் கேட்டான். அவன் பதில் சொல்லாமல் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. பாதை முழுவதும் செம்மண் சேறு, வேர்கள் வழுக்கின. முன்னால் போன இருவர் அமர்ந்தபடியே சரிந்து இறங்கினார்கள். ரப்பர்ச் சப்பாத்தும் இரண்டு இடங்களில் வழுக்கத்தான் செய்தது. ஒரு மரப்பாலத்தில் அவன் கைப்பிடியைப் பற்றியிராவிட்டால் விழுந்திருப்பான். நண்பகலுக்குச் சற்று முன்னால், நேற்று கேள்வி கேட்டவனின் காலணி வாயைப் பிளந்தது. அவன் அண்ணனுடைய விலையுயர்ந்த காலணி அது. மூன்றாண்டுகள் பெட்டியிலேயே இருந்ததாம். சிறிது நேரத்தில் மற்றக் காலின் அடியும் கழன்றது. இருவரும் ஒரு பாறையில் உட்கார்ந்து, பையிலிருந்த ராஃபியா கயிற்றால் அடிப்பாகத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். நூறு அடி நடந்ததும் கயிறு நழுவியது. மறுபடியும் கட்டினார்கள். முகாமை அடைவதற்குள் ஐந்து முறை கட்ட வேண்டியிருந்தது. யாரும் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை. மழையும் பசியும் எல்லாரையும் அமைதியாக்கியிருந்தன. அன்றிரவு கூடாரத்தில் காய்ந்த காலுறையை விரித்துக் காலில் மாட்டிக்கொண்டபோது கிடைத்த சுகத்தை, வீட்டுக்கு வந்த பின் அவன் அம்மாவிடம் இரண்டு முறை சொன்னான்.

திரும்பி வந்த மாலையில் வாசலிலேயே பாட்டி அவனை நிறுத்திவிட்டார். சப்பாத்தைக் குழாய் நீரில் கழுவி, உள்ளே துணியால் துடைத்து, நிழலில் கவிழ்த்து வைக்கச் சொன்னார். நேர் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். பள்ளிக் காலணியானால் வேறு முறை. பழைய நாளிதழைக் கசக்கி உள்ளே திணித்து, ஈரத்தை அது குடித்ததும் மாற்றித் திணிக்க வேண்டும். பள்ளிக் காலணி வெள்ளையாக இருந்த காலத்தில், மறுநாள் காலைக்குள் காய வேண்டுமே என்று குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சூட்டில் வைத்தவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டிலிருந்து கறுப்புக் காலணி ஆகிவிட்டதால் அழுக்கு தெரிவதில்லை. ஈரம் ஒன்றுதான்.

காலணியை வைத்துவிட்டு உள்ளே நுழையப் போனவனைப் பாட்டி மறுபடியும் நிறுத்தினார்.

“உட்காருய்யா. காலைக் காட்டு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டை எடுத்து, அவனுடைய பத்து விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாக விரித்துத் துடைத்துப் பார்த்தார். இடது சுண்டுவிரல் பக்கம் தோல் சற்று வெளுத்திருந்தது. மருந்துப் பொடியை எடுத்து வரச் சொன்னார்.